யார் மிதிக்கிறார்கள்?

நான்: [புகைப்படம்] வேவர்லி கப்பலில் இருக்கிறேன். காலையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஏறினோம். கிளைடு ஆறு அகன்று அகன்று கடலாகிவிட்டது.

அத்தை: இரண்டு புகைபோக்கியும் சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கின்றன. ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

நான்: போட்டிருக்கிறேன் அத்தை. இது பேடில் ஸ்டீமர். கடலில் பயணிகளோடு ஓடும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம்.

அத்தை: பெடல் என்றால் யார் மிதிக்கிறார்கள் என்று அம்மா கேட்கிறார். ஊட்டி ஏரியில் மிதித்துவிட்டு இரண்டு நாள் கால்வலி என்று படுத்திருந்தீர்களே, அந்த நினைப்பு.

அண்ணன்: இவள் எங்கே மிதித்தாள் பாட்டி? நான்தான் மிதித்தேன்.

நான்: பொய். பாட்டி, ஏறக்குறைய அதே படகுதான். இங்கே காலுக்குப் பதில் நீராவி. பக்கத்துக்கு ஒரு சக்கரம், ஒவ்வொன்றிலும் எட்டு மரப்பலகை.

சித்தப்பா: ஆணி அடித்து நிறுத்திய பலகை இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பலகையும் சாய்ந்து கொடுத்து, தண்ணீருக்குள் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். இல்லாவிட்டால் வலுவெல்லாம் தண்ணீரை அறைவதிலும் வாரி இறைப்பதிலுமே போகும்.

அப்பா: வந்துவிட்டான் கப்பல்காரன்.

சித்தப்பா: இருபத்தெட்டு வருடம் எஞ்சின் அறையில் வெந்தவன் அண்ணா. ஒன்று சொல்கிறேன், இது 1845-இலேயே தோற்ற கட்சி. பின்னால் தண்ணீருக்குள் விசிறி போலச் சுழலும் புரொப்பல்லர் வைத்த ராட்லர் என்ற கப்பலையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்புறத்தோடு பின்புறம் கட்டி இழுக்கவிட்டது பிரிட்டிஷ் கடற்படை. அலெக்டோவின் சக்கரம் முன்னால் போகத்தான் சுற்றியது, கப்பல் பின்னால் போனது.

அப்பா: அது ஊருக்குக் காட்டிய வேடிக்கை. புரொப்பல்லர் கப்பல்கள் கட்ட அதற்கு முன்பே உத்தரவு போட்டுவிட்டார்கள்.

சித்தப்பா: வேடிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் முங்கும், மறு சக்கரம் காற்றில் சுற்றும். நடுக்கடலுக்கு எப்படி ஒத்துவரும்?

நான்: இங்கே நடுக்கடல் ஏது சித்தப்பா? துறைக்குத் துறை நிற்க வேண்டும். சட்டென்று நிற்கிறது, சட்டென்று பின்வாங்குகிறது. ஆழம் குறைந்த இடத்திலும் போகிறது.

சித்தப்பா: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இரண்டு சக்கரமும் ஒரே தண்டில்தான். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் சுற்றிக் கப்பலைத் திருப்ப முடியாது. காற்று நாளில் துறையில் அணைப்பவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

அத்தை: எத்தனை வருடத்துக் கப்பல்?

நான்: 1946-இல் நீரில் இறக்கியது, ஓடத் தொடங்கியது 1947-இல். இதே பெயரில் முன்பு இருந்த கப்பல் 1940-இல் உலகப் போரில் பிரான்சின் டன்கர்க்கில் சிக்கிய சிப்பாய்களை மீட்கப் போய், குண்டுவீச்சில் மூழ்கிவிட்டது. அதற்கு மாற்றாக வந்தது. 1974-இல் ஓர் ஆர்வலர் சங்கத்துக்கு ஒரு பவுண்டுக்கு விற்றார்கள்.

அண்ணன்: ஒரு பவுண்டா! பழைய ஸ்கூட்டருக்குச் சித்தப்பா என்னிடம் அதைவிடக் கூடுதலாகக் கேட்டாரே.

அப்பா: வாங்குவது ஒரு பவுண்டு. வைத்துக் காப்பாற்றுவது?

நான்: [வீடியோ] நடைபாதையில் நின்றே எஞ்சினைப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர். ஒரே நீராவி ஒன்றில் வேலை முடித்து அடுத்ததற்குப் போகிறது. ஒரு சின்னப் பையன் அரைமணி நேரமாகக் கம்பியை விட்டு நகரவில்லை.

சித்தப்பா: நான்கு முறை பார்த்துவிட்டேன். நான் வேலை பார்த்ததெல்லாம் டீசல். சக்கரத்தைச் சுற்றவைக்கும் வளைதண்டு, அதுதான் கிராங்க், இப்படித் திறந்த வெளியில் சுற்றி நான் பார்த்ததே இல்லை. வீடியோ முழுக்க நீ பேசிக்கொண்டே இருக்கிறாய். வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் எடுத்து அனுப்பு.

அத்தை: தோற்ற கட்சி என்றாயே தம்பி?

சித்தப்பா: பார்க்கக் கூடாது என்றா சொன்னேன் அக்கா?

அத்தை: அந்தப் பையன் ஏதாவது சாப்பிட்டானா என்று அம்மா கேட்கிறார்.