பிரவுசரில் நிஜ பியானோ ஒலி வர என்ன வழி?

மயிலைமெட்டு:
மயிலாப்பூரில் ஒரு மியூசிக் கிளாசுக்காக வெப் ஆப் எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் போனிலேயே வாசித்துப் பழக வேண்டும். ஆஸிலேட்டரில் (கோடே அலையை உருவாக்கும் கருவி) ஸைன் அலைகளை 1, 2, 3, 4 மடங்கு அதிர்வெண்ணில் அடுக்கி, கெயினை (ஒலி அளவை) மெல்ல இறக்கிப் பார்த்தாயிற்று. ஆர்கன் மாதிரிதான் கேட்கிறது. ரிவெர்ப் (அறை எதிரொலி) போட்டால் தேறுமா? விரலை எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. பெரும்பாலும் 3 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு போன்கள்.

வேளச்சேரிவெப்:
ரிவெர்ப் இதைக் காப்பாற்றாது சார். பியானோ கம்பி எஃகு, அதற்கு விறைப்பு உண்டு. அதனால் ஓவர்டோன்கள் (அடிப்படைச் சுருதிக்கு மேலே சேர்ந்து ஒலிப்பவை) சரியாக 2, 3, 4 மடங்கில் நிற்காமல், மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறும். நடு, மேல் ஸ்தாயிகளில் ஒரு கீக்கு மூன்று கம்பி. மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே சுருதியில் இருப்பதில்லை. அடித்ததும் சட்டென்று விழுந்து, பிறகு நீளமாக இழுக்கும் கார்வைக்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் ஆஸிலேட்டரில் கட்டுவது பெரும்பாடு. சாம்பிளுக்கு, அதாவது நிஜ பியானோவில் பதிவு செய்த ஒலிக்கோப்புகளுக்கு, மாறிவிடுங்கள்.

சாலமாண்டர் கிராண்ட் பியானோ இலவசமாகக் கிடைக்கிறது. யமஹா சி5-ல் பதிவானது, 16 வெலாசிட்டி அடுக்கு (ஒவ்வொன்றும் ஒரு தட்டும் வேகத்துக்கான பதிவுத் தொகுப்பு). மூன்று அரை ஸ்வரத்துக்கு ஒரு பதிவு என்பதால் 88 கீக்கு ஒரு அடுக்கில் 30 கோப்பு போதும். இடைப்பட்ட கீக்குப் பக்கத்துச் சாம்பிளை எடுத்து பிளேபேக்ரேட்டை (ஓடும் வேகத்தை) 1.0595 அல்லது 0.9439 ஆக்குங்கள். ரொம்ப மேலே இழுத்தால் சுத்தியல் தட்டும் ஓசையும் சேர்ந்து வேகமாகி, பொம்மை பியானோ ஆகிவிடும்.

'டக்' வருவது, அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டுவதால். விரல் எடுத்ததும் ஸ்டாப் கொடுக்காதீர்கள். கெயினில் செட்டார்கெட்அட்டைம் (மதிப்பை மெல்ல இலக்குக்குக் கொண்டுபோகும் கட்டளை), இலக்கு 0, டைம் கான்ஸ்டன்ட் (இறங்கும் வேகம்) 0.08, அரை நொடி கழித்து ஸ்டாப். கீழ் ஸ்தாயிக்கு 0.15 வைத்து ஒரு நொடி விடுங்கள். மேல்கோடியில் கிட்டத்தட்ட 20 கீக்கு நிஜ பியானோவிலேயே டேம்பர் (கம்பியைத் தொட்டு அடக்கும் பட்டை) கிடையாது. அவற்றைத் தானாக அடங்க விடுங்கள்.

மயிலைமெட்டு:
நன்றி சார். 16 அடுக்கையும் ஏற்றலாமா? எம்பி3 ஆக்கினால் சின்னதாகத்தானே இருக்கும்?

தாம்பரம்ஆடியோ:
டவுன்லோடுதான் சின்னது. டீகோட் ஆனதும் (பிரவுசர் அதை விரித்து ரேமில் வைத்ததும்) ஒவ்வொரு அலைப்புள்ளியும் 4 பைட். நொடிக்கு 48,000 புள்ளி, ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 384 கேபி. 10 நொடி வீதம் 30 கோப்புக்கு 115 எம்பி. நான்கு அடுக்கிலேயே 460 எம்பி, அந்தப் போன்களில் டேப் செத்துவிடும். கோப்பின் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை புள்ளி என்பதை) குறைத்தும் பயனில்லை, டீகோட் செய்யும்போது ஆடியோ கான்டெக்ஸ்டின் (பிரவுசரின் ஒலி எந்திரத்தின்) ரேட்டுக்கே மாற்றிவிடும்.

மோனோ ஆக்குங்கள். கீழே 10 கோப்பு 10 நொடி, நடுவில் 10 கோப்பு 7 நொடி, மேலே 10 கோப்பு 3 நொடி: மொத்தம் 38 எம்பிதான். வெட்டிய முனையில் ஃபேட் அவுட் கட்டாயம். போன் திரையில் எவ்வளவு அழுத்தித் தட்டினார்கள் என்பது தெரியாது, ஆகவே அங்கே நடுத்தர அடுக்கு ஒன்றே போதும். மிடி கீபோர்டு (எந்தக் கீ, எவ்வளவு வேகம் என்பதைச் செய்தியாக அனுப்பும் கீபோர்டு) செருகினால் மட்டும் மெல்லியது, பலமானது என இரண்டை ஏற்றி, லோபாஸ் ஃபில்டரை (மேல் அதிர்வெண்களைக் குறைப்பது) வெலாசிட்டிக்கு ஏற்பத் திறங்கள். மெதுவாகத் தட்டினால் வால்யூம் மட்டுமல்ல, பளிச்சென்ற தன்மையும் குறைய வேண்டும். காது ஏமாறுவது அங்கேதான்.

எம்பி3-யின் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதுண்டு. டீகோட் ஆனதும் ஒலி எழும் முதல் புள்ளியைத் தேடி, ஸ்டார்ட்டின் இரண்டாவது மதிப்பாக அந்த நேரத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தாளம் பின்தங்கும்.

அடையாறுமிடி:
மிடி சேர்ப்பதானால்: வெலாசிட்டி 0 உடன் வரும் நோட் ஆன் (கீ அழுத்திய செய்தி), நோட் ஆஃப்தான் (கீயை விட்ட செய்தி). இதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்வரம் அடங்காமல் தொங்கும். பெடல் என்பது கன்ட்ரோலர் 64. மதிப்பு 64-ம் அதற்கு மேலும் வந்தால் மிதித்திருக்கிறார்கள். அப்போது வரும் நோட் ஆஃப்களைச் சேர்த்து வைத்து, காலை எடுத்ததும் மொத்தமாக விடுவியுங்கள்.

கான்டெக்ஸ்ட் உறங்கும் நிலையில்தான் தொடங்கும், முதல் தொடுதலில் ரெஸ்யூம் கொடுங்கள். பத்து ஸ்வரம் சேர்ந்தால் ஒலி கிழியும். மாஸ்டர் கெயின் 0.3 வைத்து, கடைசியில் ஒரு கம்ப்ரஸர் (உரத்த உச்சங்களை அமுக்குவது). புளூடூத் ஹெட்போனில் வரும் தாமதத்தைக் கோடில் சரிசெய்ய முடியாது. பெற்றோரிடம் ஒயர் ஹெட்போன் வாங்கச் சொல்லிவிடுங்கள்.