கொல்லையில் பழைய மாமரம் நிற்கிறதா?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பழமரங்களின் வகைகளைத் தேடிச் சேர்க்கும் நால்வரில் நானும் ஒருவன். கொட்டை போட்டு முளைத்த பழைய மாமரம் உங்கள் கொல்லையில் உண்டா?

நம் நாட்டு மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே கரு. அதுவும் மகரந்தம் கலந்து உருவானது. அதனால் கன்று தாயைப் போலவே காய்ப்பதில்லை. மரம் விழுந்தால் அந்த ருசியும் போயிற்று. ஒட்டுக் கட்டி வைத்தால்தான் மிஞ்சும். போன வாரம் பூட்டிய வீடொன்றின் மதிலை எட்டிப் பார்த்தேன். அணில் கடித்த பழங்கள் தரையெல்லாம் கிடந்தன. சாவி யாரிடம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் கேட்பது ஆய்வுக்கு நாலைந்து இளம் இலைகள், ஒட்டுக் கட்டப் பென்சில் பருமனில் சாண் நீளக் குச்சி இரண்டு, மரம் வந்த கதை. பழம் உங்களுக்கே, ஒன்று கொடுத்தால் மறுக்கமாட்டேன். ஊர்ப் பெயரைக் கீழே எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.