பெல்விக் ஃப்ளோருக்கு தமிழ்ல என்ன போடலாம்? வியாழக்கிழமைக்குள்ள வேணும்

மண்டபத்திலிருந்து, திங்கள் ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், மண்டபம் பாம்பன் சுத்துவட்டாரத்துல வீடு வீடா போற வேலை. வர்ற சனி ஞாயிறு கிராம சுகாதார செவிலியர்களுக்கும் தன்னார்வலர் பெண்களுக்கும் ஒரு பயிற்சி எடுக்குறேன். சிறுநீர் கசியிறது, மலம் அடக்க முடியாதது, கர்ப்பப்பை இறங்குறது, இதையெல்லாம் ஆபரேஷன்னு போறதுக்கு முன்னாடி பயிற்சியால எவ்வளவு சரி பண்ணலாம், யாரை எப்ப டாக்டர்ட்ட அனுப்பணும், இவ்வளவுதான் பாடம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்கு போகுது, மூணு வார்த்தைல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ஒண்ணு பெல்விக் ஃப்ளோர். முன்பக்கம் அடிவயித்து எலும்புலேருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கிற தசைங்க. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழ இருந்து தாங்குறது அதுதான். ரெண்டாவது இன்கான்டினென்ஸ், அதாவது சிறுநீரோ மலமோ அடக்க முடியாம போறது. மூணாவது ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ், அதாவது இருமினா, தும்மினா, குடம் தூக்கினா வர்றது.

வேற ஒரு எடத்துல அச்சடிச்ச தாள் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதுல மூணாவதுக்கு "மன அழுத்தக் கசிவு"ன்னு போட்டுருக்காங்க. கடல்பாசி எடுக்கப் போற ஒரு அக்காகிட்ட அதை வாசிச்சுக் காட்டினேன். "எனக்கு மனசுல ஒரு கொறையும் இல்லம்மா, ஈரப்பாசி மூட்டைய தூக்கும்போதுதான் வருது"ன்னு சொல்லிட்டு தாளை மடிச்சு என் கையிலயே குடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் வரவே இல்ல. அதனாலதான் கேக்குறேன், தயவுசெஞ்சு சொல்லுங்க.

ராமநாதபுரத்திலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, நல்ல காரியம் செய்யுற. 31 வருஷம் தமிழ் நடத்தினவன்ங்கிற உரிமையில சொல்றேன். பெல்விக் ஃப்ளோர் இடுப்புத்தளம், இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. இன்கான்டினென்ஸ் அடக்கமின்மை. லத்தீன் மூலமும் சேர்த்துப் பிடித்தல்ங்கிற பொருள்தான், நம்ம அடக்கு, அடங்கு ரெண்டும் அப்படியே பொருந்துது. அடக்கமுடைமைன்னு வள்ளுவர் ஒரு அதிகாரமே வச்சிருக்கார், அதோட எதிர்ச்சொல் அடக்கமின்மை, புதுசா உண்டாக்க வேண்டியதில்ல.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு இயற்பியல் பாடநூல்ல தகைவுன்னு இருக்கு, ஸ்ட்ரெயினுக்கு திரிபு. ஆக தகைவுக் கசிவு. தகைன்னா தடுத்தல், கட்டுதல்னு பழைய பொருள், தகைமை, தகுதி, தக்கார் எல்லாம் பக்கத்து பக்கத்து வீடு. தகைதல்லேருந்து தகைவிலான் குருவிக்கு எப்படி பேர் வந்துச்சுன்னு தனியா எழுதணும்.

தங்கச்சிமடத்திலிருந்து, செவ்வாய் மத்தியானம்

ஐயா கோவிச்சுக்காதீங்க. நான் செவிலியர், 19 வருஷ சர்வீஸ். அடக்கமின்மைன்னு எழுதின தாளை எந்த பொம்பளை கையில நான் குடுப்பேன் சொல்லுங்க. அடக்கமில்லாதவன்னா எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததில்ல. ஏற்கனவே வெக்கப்பட்டு மருமகட்ட கூட சொல்லாம துணிய ரெண்டு மடிப்பா வச்சிக்கிட்டு காலம் தள்றவங்க அவங்க. தாள்ல முதல் வரியிலயே திட்டு வாங்கணுமா.

அவங்க பேசுறது இப்படித்தான்: "இருமினா தெறிக்குது", "ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது, எந்திரிக்கிறதுக்குள்ள போயிருது", "அடி இறங்கிருச்சு". இந்த மூணுலயே உங்க பாடம் முழுசும் இருக்கு தங்கச்சி.

இன்னொண்ணும் கையேட்டுல சேருங்க. பாசி எடுக்குறவங்க காலைல தீவுப்பக்கம் போனா மத்தியானம் வரைக்கும் இடுப்பளவு தண்ணியில நிக்கிறாங்க, ஒதுங்க எடம் கிடையாது, அதனால காலைலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. குடிக்காட்டி கசியாதுன்னு நெனைப்பு. மூத்திரம் திக்காகி பை எரிஞ்சு இன்னும் முட்டும், மலம் இறுகும், முக்கி முக்கி அடி இன்னும் இறங்கும். வாலிநோக்கம் உப்பளத்துல வேலை பாக்குற பொண்ணுங்க கதையும் இதேதான்.

தொண்டியிலிருந்து, செவ்வாய் சாயங்காலம்

எங்க தாத்தா வத்தைப் படகு கட்டினவர், நான் கட்டடத்துக்கு டிராயிங் போடுறவன், ரெண்டு பக்கமும் பார்த்தவன்ங்கிறதால சொல்றேன், தளம் ஆகாது. தளம்னா கான்கிரீட் போட்டது, ஆடாது அசையாது. அக்கா சொல்ற தசை இறுக்கினா மேல ஏறுது, விட்டா இறங்குது, இருமும்போது கீழ அமுங்கி திரும்பி வருது. அது தளமா? தூளி. புள்ளைய போட்டு ரெண்டு பக்கமும் கட்டி தொங்க விட்ட சேலை, பாரம் ஏறினா தொய்யும், இழுத்துக் கட்டினா மறுபடி நிக்கும். இடுப்புத்தூளின்னு போடுங்க. புள்ள பெத்தவங்களுக்கு தூளிய வெளக்க வேண்டியதில்ல.

படகுல பார்த்தா ஏராக்கட்டைய சொல்லலாம்னு முதல்ல நெனச்சேன், அடியில நீளமா ஓடுற மரம், அது மேலதான் மொத்த ஒடம்பும் நிக்குது. ஆனா அதுவும் மரம்தான், வளையாது. அதனால தூளி.

ராமேஸ்வரத்திலிருந்து, செவ்வாய் ராத்திரி

நான் யாழ்ப்பாணத்தில படிச்சுப்போட்டு இங்க வந்து இருக்கிற ஆள். எங்களுக்கு பெல்விஸ் எண்டா கூபகம். 19ஆம் நூற்றாண்டிலயே மானிப்பாயில சாமுவேல் கிறீன் தமிழில மருத்துவம் படிப்பிச்சவர், உடற்கூற்றுப் புத்தகங்களை மொழிபெயர்ப்பிச்சவர், அந்த வழியில வந்த கலைச்சொல் மரபு எங்களிட்ட இருக்கு. இடுப்பு எண்டா மேல் இடுப்பா, சேலை கட்டிற இடமா, பின்பக்கமா எண்டு தெரியாது. கூபம் எண்டா கிணறு, குழி. அந்த எலும்புக் குழிக்கு அது சரியான பேர். கூபகத்தளம் எண்டு போடுங்கோ பிள்ளை.

ராமநாதபுரத்திலிருந்து, புதன் காலை

கூபகம்னதும் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. வடமொழியில கூபகத்துக்கு பாய்மரம்னும் ஒரு பொருள் உண்டு. நம்ம புறநானூறு 30ஆம் பாட்டுல, பாயும் கூம்பும் களையாமலே புகாருக்குள்ள நுழையுற பெருங்கலம் வருது, அந்தக் கூம்பும் பாய்மரம்தான். கூம்புலேருந்து அங்க போச்சா அங்கேருந்து இங்க வந்துச்சா? கூம்புதல்னா குவிதல், ஆம்பல் கூம்பும், கை கூம்பும். தொண்டித் தம்பி படகுக் குடும்பம்ங்கிறீங்க, உங்க பக்கம் பாய்மரத்த இப்பவும் கூம்புன்னு சொல்றாங்களா? அப்படி இருந்தா இந்த தசைக்கே கூம்புதசைன்னு வைக்கலாம், இறுக்கினா கூம்புதே.

அடக்கமின்மை பத்தி செவிலியர் அம்மா சொன்னத ஏத்துக்கிறேன். ராத்திரி வீட்டுக்காரம்மாட்ட கேட்டேன், அவங்களும் அதையேதான் சொன்னாங்க. அதுக்கு பதிலா ஒழுக்கு. கூரை ஒழுகுது, பானை ஒழுகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச வினை. ஒழுகுன்னா தொடர்ந்து நடத்தல், அதுலேருந்துதான் ஒழுக்கமும் வந்துச்சு, ஆறு ஒழுகுற மாதிரி வாழ்க்கை ஒழுகணும்னு.

தங்கச்சிமடத்திலிருந்து, புதன் காலை

ஐயா, அடக்கத்துலேருந்து தப்பிச்சு ஒழுக்கத்துல கொண்டு விட்டுட்டீங்களே. ஒழுக்குன்னு ஆரம்பிச்சா பேச்சு எங்க போகும்னு எனக்குத் தெரியும். கசிவுன்னே இருக்கட்டும். காதலாகிக் கசிந்துன்னு தேவாரத்துல பாடுறோம், அந்த வார்த்தைல பழி இல்ல.

கீழக்கரையிலிருந்து, புதன் மத்தியானம்

நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். எங்க உம்மாவுக்கு 6 வருஷமா இந்தத் தொந்தரவு. எங்க பக்கத்துல பெண்கள் இதச் சொல்ற விதமே வேற, "ஒளு நிக்க மாட்டேங்குது"ம்பாங்க. ஒளுன்னா தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவி சுத்தமாகுறது. சிறுநீர் ஒரு சொட்டு வந்தாலும் ஒளு முறிஞ்சிரும், திரும்ப எடுக்கணும். ரமலான்ல தராவீஹ்ங்கிற ராத்திரித் தொழுகைக்கு போகாம வீட்டுலயே இருந்துட்டு "முட்டு வலி"ன்னு சொல்லிருவாங்க. எங்க உம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க, எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுச்சு. தொடர்ந்து வர்றவங்க ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்கும் புதுசா ஒளு எடுத்து தொழுதுக்கலாம்னு மார்க்கத்துல எளிதாக்கியிருக்கு, அது நிறைய லாத்தாமாருக்கு தெரியல. பயிற்சிக்கு எங்க பக்கத்து செவிலியர்கள் வந்தா "ஒளு நிக்குதா"ன்னு கேக்கச் சொல்லுங்க. "சிறுநீர் கசியுதா"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும்.

மண்டபத்திலிருந்து, புதன் ராத்திரி

லாத்தா, இது கையேட்டுல அப்படியே போகுது. நன்றி.

ஸ்ட்ரெஸ் பத்தி ஒரு தகவல். 1971ல ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் கான்டினென்ஸ் சொசைட்டிதான் உலகம் பூரா இந்த வார்த்தைங்கள வரையறுக்குது. அவங்க 2002 அறிக்கையிலயே ஸ்ட்ரெஸ்ங்கிற சொல் ஆங்கிலத்துலயே திருப்தியா இல்ல, மனசு சம்பந்தமா தொனிக்குதுன்னு ஒத்துக்கிட்டுருக்காங்க. சுவீடன், பிரான்ஸ், இத்தாலிக்காரங்க முயற்சி, பிரயாசைங்கிற பொருள்ல வச்சிருக்கிற சொல் தேவலன்னும் சொல்லிட்டு, ஆனா இருமலும் தும்மலும் அதுல அடங்காதேன்னு பழையதையே விட்டுட்டாங்க. அவங்க விட்டுட்டாங்கன்னு நாமளும் மன அழுத்தத்த சுமக்கணும்னு இல்ல. தகைவும் வேணாம் ஐயா, செவிலியர்களுக்கு அதுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். "இருமல்-பாரக் கசிவு"ன்னு போடுறேன். அர்ஜ் வகைக்கு, அதாவது திடீர்னு முட்டிக்கிட்டு வந்து அடக்குறதுக்குள்ள போயிர்றதுக்கு, "முட்டல் கசிவு". ரெண்டும் சேர்ந்து இருந்தா கலப்பு.

இப்ப தசை. சொல்லிக் குடுக்குறப்போ எனக்கு வர்ற சிக்கல் என்னன்னா, இறுக்குங்கன்னா முக்காவாசிப் பேர் தம் கட்டி கீழ முக்குறாங்க. பாசிக்கு முங்குறவங்க வேற, பலமா ஏதாச்சும் செய்யணும்னா மூச்சடக்குறதுதான் அவங்க பழக்கம். அது நேர் எதிர் வேலை, அடி இன்னும் இறங்கும். 1948ல கெகல்ங்கிற அமெரிக்க டாக்டர் இந்தப் பயிற்சிய எழுதினப்போ உள்ள வச்சு அழுத்தம் பாக்குற கருவியையும் சேர்த்துத்தான் குடுத்தார், ஏன்னா சரியா இறுக்குறாங்களான்னு வெளியேருந்து தெரியாது. எங்ககிட்ட கருவி இல்ல, அதனால வார்த்தைதான் அந்த வேலையச் செய்யணும். நான் சொல்றது: இடுப்புல செருகியிருக்கிற சுருக்குப்பையோட வாயை இழுத்து, அப்படியே மேல தூக்குற மாதிரி, மூச்சு சாதாரணமா ஓடிக்கிட்டே. இதுக்கு எல்லா ஆச்சிகளுக்கும் உடனே புரியுது. அதனால சுருக்குத்தசைன்னே வைக்கலாமான்னு யோசிக்கிறேன்.

பாம்பனிலிருந்து, புதன் ராத்திரி

தங்கச்சி, சுருக்குன்னு பேர் வச்சு மீனவர் வீட்டுக்குள்ள போகாதீங்க. சுருக்குமடின்னாலே எங்க ஊர்ல ரெண்டா பிரிஞ்சு சண்டை. சின்ன வலைக்காரன் வயித்துல அடிக்கிற வலை அது. வார்த்தை காதுல விழுந்ததும் பேச்சு அங்க போயிரும். இன்னொண்ணு, ஆம்பளைங்களையும் விட்டுறாதீங்க, எங்க மாமாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் கசியுது, கடலுக்கு போறதையே நிப்பாட்டிட்டார். தூளின்னு பேர் வச்சா அவர் அந்தத் தாளைத் தொட மாட்டார்.

தொண்டியிலிருந்து, வியாழன் காலை

சரி, தூளி பேர்ல வேணாம், படத்துல இருக்கட்டும். கூம்பு பத்தி ஐயா கேட்டதுக்கு, பெரியவர் ஒருத்தர்ட்ட கேட்டேன், பாய்மரத்த அவர் பாமரம்னுதான் சொல்றார்.

மண்டபத்திலிருந்து, வியாழன் காலை

அச்சகத்துலேருந்து ரெண்டு தடவை போன் வந்துருச்சு. எண்ணிப் பார்த்ததுல தாங்குதசைன்னு நேத்து தனி மெயில்ல 4 பேர் சொல்லியிருக்கீங்க, இடுப்புத்தளம் 2, தூளி 1, கூபகம் 1. அதனால "இடுப்பு தாங்குதசை". சுருக்குத்தசை ஏற்கனவே துவாரத்தைச் சுத்தி இருக்கிற தசைக்கு பேரா இருக்கு, அது அங்கயே இருக்கட்டும். சுருக்குப்பை பயிற்சி விளக்கத்துல மட்டும். இருமறதுக்கு முன்னாடியே இறுக்கிப் பிடிக்கிற வித்தைக்கு "முன்னிறுக்கு"ன்னு போட்டுட்டேன், அதுல யாரும் சண்டை போடல. ஒரு தடவைக்கு குறைஞ்சது 8 இறுக்கு, நாளைக்கு 3 தடவை, குறைஞ்சது 3 மாசம்னு பெருசா போட்டுருக்கேன், ஒரு வாரத்துல விட்டுட்டு பலன் இல்லன்னு சொல்றவங்கதான் அதிகம்.

ராமநாதபுரத்திலிருந்து, வியாழன் மத்தியானம்

தாங்குதசை சரிதான் அம்மா, தாங்குன்னா பொறுத்தல்னும் பொருள் உண்டு. ஆனா கசிவு பத்தி ஒரு வார்த்தை, அச்சாகிட்டாலும் அடுத்த பதிப்புக்காவது. கசிவுன்னா சிறுகச் சிறுக வர்றது. செவிலியர் அம்மாவே "போயிருது"ன்னுதானே சொன்னாங்க, முழுசா ஒரே அடியா. அது எப்படி கசிவு? உதிரப்போக்கு, வெள்ளைப்போக்கு, வயிற்றுப்போக்குன்னு மக்கள் வாயில ஒரு குடும்பமே இருக்கு, அதுல நீர்ப்போக்குன்னு சேர்த்துக்கலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து, வியாழன் மத்தியானம்

நீர்ப்போக்குன்னா மாசமா இருக்கிற பொண்ணு பனிக்குடம் உடைஞ்சதுன்னு நெனைச்சுக்குவா ஐயா, ராத்திரியில ஆம்புலன்ஸ கூப்பிடுவா. ஆனா கசிவுல எனக்கும் ஒரு பயம் இருக்கு. தங்கச்சி, பிரசவம் ரொம்ப நேரம் மாட்டி மூத்திரப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவுல ஓட்டை விழுந்தவங்களுக்கும் கசியும், ராத்திரி பகல்னு நிக்காம. அவங்களும் கசிவுன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு 3 மாசம் இறுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தா பாவம், ஓட்டைய தைக்கத்தான் செய்யணும். ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கலாமா?

மண்டபத்திலிருந்து, வியாழன் சாயங்காலம்

அக்கா, ஃபைல் போயிருச்சு. போன் பண்ணி நிப்பாட்டி, 3ஆம் பக்கத்துல கட்டம் கட்டி ஒரு வரி சேர்த்துருக்கேன்: "நிக்காம எந்நேரமும் ஊறிக்கிட்டே இருந்தா பயிற்சி வேணாம், அன்னிக்கே டாக்டர்ட்ட அனுப்புங்க." அதுக்கு தனிப்பேரு கெடைக்கல. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வர்ற செவிலியர்கள்ட்டயே கேக்குறேன், அவங்க ஊர்ல என்ன சொல்றாங்களோ எழுதிக்கிட்டு வர்றேன்.

ராமேஸ்வரத்திலிருந்து, வியாழன் ராத்திரி

நல்லது பிள்ளை. ஆனா இடுப்பு எண்டது இடம் காட்டாது, நான் கூபகத்தை விடேல்ல.