மறு: மெக் = நடையூர்தி? (காமிக்ஸ் கலைச்சொல்)

அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடித் தம்பிகள் சொந்தக் காசில் வரைந்துவரும் போர்க்கள அறிபுனைக் காமிக்ஸுக்கு வசனம் எழுதிக் கொடுப்பவன் நான். ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்ட, இரண்டு காலில் நடக்கும் போர் எந்திரத்துக்கு (ஆங்கிலத்தில் ‘மெக்’) தமிழில் என்ன பெயர் என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் வசனக் கூண்டுகளில் எழுதிப் பார்த்தோம். என் வாக்கு ‘நடையூர்தி’க்கு.

‘மெக்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று தேவகோட்டை நண்பர் கேட்டிருந்தார். பஸ், பேனா, ரோபோ எதையும் நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொல் தமிழில் உட்கார மறுக்கிறது. ஜப்பானியர் மெக்கானிசத்தைச் சுருக்கி ‘மெகா’ என்றார்கள். அங்கே அது எந்த எந்திரத்துக்கும் பொருந்தும். நாம் ‘மெகா’ என்று எழுதினால் மெகா சீரியல். ஒற்றைப் போட்டு ‘மெக்கா’ என்றால் புனித நகரம். ‘மெக்’ என்று நிறுத்தினாலோ ‘மெக்கைச் சுடு’, ‘மெக்குக்குள் ஏறு’ என்று உருபு சேரும்போதெல்லாம் வாய் இடறுகிறது.

‘எந்திர மனிதன்’ கூடவே கூடாது. ரோபோ என்ற சொல் 1920இல் கரேல் சாபெக் எழுதிய செக் நாடகத்தில் பிறந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதற்கு வேர். அந்த உழைப்பாளிக்குள் வேறு ஆள் கிடையாது. நம் கதையின் உயிரோ உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான். 31ஆம் பக்கத்தைப் பாருங்கள். வற்றிய கண்மாயில் எந்திரம் குப்புற விழுந்து கிடக்கிறது, முழங்கால் வரை சேறு. எதிரிப்படைக்காரன், “எந்திர மனிதன் விழுந்துட்டான்” என்கிறான். அடுத்த கட்டத்தில் உள்ளே அவள் மூச்சு விடுவதைக் காட்டுகிறோம். எதிரியின் வாயில் இருக்கும் சொல்லே அந்தப் பெண்ணை இல்லாமல் ஆக்கிவிட்டால் வாசகன் எப்படிப் பதறுவான்? “நடையூர்தி விழுந்துருச்சு” என்று எழுதிப் பார்த்தோம். ஊர்தி என்றதுமே உள்ளே யார் என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது.

‘எந்திரக் கவசம்’ நல்ல சொல்தான். அதை உடம்பில் மாட்டிக்கொள்ளும் வகைக்கு ஒதுக்கிவிடுவோம். கதையில் காலாட்படை அதைத்தான் அணிகிறது.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘நடைத்தாங்கி’ என்னை நிறையவே யோசிக்கவைத்தது. ஈழத்தில் டாங்கைத் தாங்கி என்பார்கள். அந்த ஆங்கிலப் பெயரே முதல் உலகப் போரில் ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி வைத்ததுதான். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்முனையில் அது இறங்கிய பிறகும் தொட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. கலைச்சொல் எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டியதில்லை என்று அண்ணன் சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கம் தாங்கி என்றால் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வரும். ‘நடைத்தாங்கி’ என்று படித்ததும் வயதானவர்கள் பிடித்து நடக்கும் கம்பிச் சட்டம் என்றுதான் மூன்று பேர் சொன்னார்கள்.

தவிர, டாங்கையும் இதையும் ஒரே குடும்பப் பெயரில் அடைக்கக் கூடாது. டாங்கு தன் எடையைச் சங்கிலிப் பட்டையில் பரப்பிவிடுகிறது. இதற்கு இரண்டு பாதம்தான். உயரத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும். தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். இங்கே அய்யனார் கோயில்களில் பெரிய புரவிகளின் தூக்கிய முன்னங்கால்களுக்குக் கீழே பூதங்களை நிறுத்தி முட்டுக்கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரைகிற தம்பி அதைப் பார்த்துத்தான் நம் எந்திரத்தின் கணுக்காலை அவ்வளவு தடியாகப் போட்டார். கண்மாய்ச் சேற்றில் அது மாட்டுவதும் இந்த எடையால்தான்.

அய்யனாரை வைத்து ‘பொறிப்புரவி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் நான்கு கால் கண்முன் வந்து நிற்கிறது.

‘நடைப்பொறி’யை விட எனக்கு மனசே வரவில்லை. எந்திரம் என்ற பொருளில் பொறி நம் பழைய சொல். சீவக சிந்தாமணியில் சீவகனைக் கருவுற்ற அவன் தாய் விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில், அதாவது மயில் வடிவப் பறக்கும் எந்திரத்தில். வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். பெருங்கதையில் நாயகன் உதயணனைப் பிடிக்க மன்னன் பிரச்சோதனன் விட்ட எந்திர யானைக்குள் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். உள்ளே ஆள், வெளியே விலங்கு வடிவம், நோக்கம் போர். நாம் தேடும் பொருள் நம் இலக்கியத்தில் என்றோ நடமாடியிருக்கிறது! ஆனாலும் இன்றைய காதில் பொறி என்றால் எலிப்பொறி. “பொறிக்குள் மாட்டிக்கிட்டான்” என்று போர்க்களத்தில் ஒருவன் கத்தினால் கண்ணியில் சிக்கினானா, எந்திரத்துக்குள் சிக்கினானா? எங்கள் கதையில் இரண்டுமே நடக்கிறது.

ஊர்தல் என்றால் புழு ஊர்வதுதானே, நடையோடு எப்படிச் சேரும் என்று மதுரைப் பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஏறிச் செல்வதும் ஊர்தல்தான். வள்ளுவர் சிவிகையில் போகிறவனை ‘ஊர்ந்தான்’ என்கிறார், சுமக்கிறவனைப் ‘பொறுத்தான்’ என்கிறார். வானூர்தி, பேரூர்தி என்று நாமும் பழகிவிட்டோம். வானில் போவது வானூர்தி என்றால், நடந்து போவது நடையூர்தி. அடிக்குறிப்பு வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். படைவீரர்கள் அவசரத்தில் ‘ரெண்டு நடை வருது’ என்று சுருக்கிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. இந்தச் சுருக்கம்தான் என்னைக் கடைசியாகச் சாய்த்தது. களத்தில் வாழும் சொல்லுக்குச் செல்லப்பெயர் வேண்டும்.

அப்புறம், ஓட்டுகிறவர். விமானி பொருந்தாது, ஓட்டுநர் என்றால் டவுன் பஸ் நினைவு. யானைக்கும் தேருக்கும் பாகன் உண்டு. பேருடலை அடக்கி நடத்துகிறவருக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. நம் நாயகி பெண் என்பதால் ‘பாகர்’ என்றே இருபாலுக்கும் வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. மார்புக்குள் அவர் உட்காரும் அறைக்கு ‘அம்பாரி’ என்று எழுதியிருக்கிறேன். அம்பாரி யானையின் முதுகின்மேல் இருப்பது, மார்புக்குள் எப்படி வரும் என்று எழுத்து வடிக்கும் தம்பி மறுக்கிறார். இதில் உங்கள் கருத்து வேண்டும். அந்த அறையின் மேல்மூடிக்கு இன்னும் சொல்லே அமையவில்லை. 31ஆம் பக்கத்தில் அவள் அதைத்தான் உள்ளிருந்து உதைத்துத் திறக்கிறாள், ஆகவே கத்திச் சொல்லத் தோதான இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொல்லாக இருந்தால் நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அச்சுக்கு முன் சேர்த்துவிடுவேன்.