‘நிகழ்வெண் அடர்த்தி’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளி மாணவர்கள் மழைமானியில் காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவுகளைக் கொண்டு நிகழ்வெண் பட்டியல் தயாரிக்கிறார்கள். ஒரு பிரிவில் எத்தனை நாள் விழுகிறது என்பதே அதன் நிகழ்வெண். பிரிவுகளுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டையே எடுத்துக்கொண்டோம். 2.5 மி.மீ. முதல் 15.5 வரை லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மழைக்காலம் வந்தால் செய்தியில் தினமும் காதில் விழும் சொற்கள் என்பதால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பிரிவுக்கு ஒரு செவ்வகமாகப் படம் வரையும்போதுதான் ஒரு சொல் தேவைப்பட்டது. 15.5க்கும் 15.6க்கும் நடுவில் உள்ள இடைவெளியை 15.55 என்ற எல்லை மூடிவிடும். அது பாடநூல் சொல்லித்தருவதுதான். அகலத்தில்தான் சிக்கல். லேசான மழைப் பிரிவின் அகலம் 13.1 மி.மீ.; மிதமான மழைக்கு 48.9. எடுத்துக்காட்டாக, முதலாவதில் 26 நாள், இரண்டாவதில் 24 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் எண்ணிக்கையையே உயரமாக வைத்தால் இரண்டு செவ்வகங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் மிதமான மழைச் செவ்வகத்தின் பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். சார்ட் தாளில் நீலம் தீட்டிச் சுவரில் மாட்டினால், இந்த ஊரில் மிதமான மழையே மிகுதி என்றுதான் யாரும் படிப்பார்கள். பட்டியலில் பிழை இல்லை. படம் மட்டும் பொய் சொல்கிறது.

நிகழ்வெண்ணைப் பிரிவின் அகலத்தால் வகுத்து, அந்த ஈவை உயரமாக வைத்தால் இது சரியாகிவிடும். 26ஐ 13.1ஆல் வகுக்க 1.98, 24ஐ 48.9ஆல் வகுக்க 0.49. லேசான மழை நான்கு மடங்கு உயர்ந்து நிற்கும். செவ்வகத்தின் பரப்பு நாள் எண்ணிக்கையை அப்படியே காட்டும். இந்த ஈவை வகுப்பில் “வகுத்து வந்த எண்” என்று சொல்லிச் சமாளிக்கிறோம். பெயர் இல்லாததால் தேர்வுத்தாளில் கேள்வி கேட்கவும் முடிவதில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘நிகழ்வெண் அடர்த்தி’. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்பதைப் புவியியலில் மக்கள் அடர்த்தி என்று படித்தவர்களுக்கு, ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை நாள் என்பது உடனே விளங்கும். ‘செறிவு’ என்று சிலர் சொல்லக்கூடும். வேதியியலில் அது கரைசலுக்குப் போய்விட்டது. மழையைப் பற்றிப் பேசும் இடத்தில் மணிக்கு எவ்வளவு பெய்தது என்ற பொருளும் வந்து குழப்பும். நிகழ்வெண்ணுக்குப் பதில் ‘அலைவெண்’ என்று தொடங்கினால் இயற்பியல் மாணவருக்கு வேறு நினைவு வரும்.

கோத்தகிரி

* * *

கோத்தகிரி ஆசிரியர் ஐயாவுக்கு, வணக்கம். கூடலூரிலிருந்து எழுதுகிறேன்.

அடர்த்தி எனக்கும் சம்மதம். ‘நிகழ்வடர்த்தி’ என்று சுருக்கினால் என்ன? அட்டவணைத் தலைப்பில் இடம் குறைவு. இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். அங்குள்ள பாடநூல்கள் நிகழ்வெண்ணை ‘மீடிறன்’ என்கின்றன. பட்டியலை ‘மீடிறன் பரம்பல்’ என்கின்றன. அந்தச் சொல்லுக்கும் அகராதியில் இடம் வேண்டும்.

அதி கனமழைக்கு என்ன செய்வீர்கள்? அந்தப் பிரிவுக்கு மேல் எல்லையே கிடையாது.

* * *

கூடலூர் நண்பருக்கு,

மீடிறனைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘மீடிறன் அடர்த்தி’ இணைச்சொல்லாக அதே பதிவில் நிற்கட்டும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே அகராதியைத் திறக்கும் காலம் இது.

சுருக்கத்தை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. உங்கள் ஊரில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. எங்களுக்கு வடகிழக்குதான் பெரிய மழை. இரண்டு ஊர்ப் படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டுமானால், மழை நாட்களின் மொத்தம் வேறுபடும் என்பதால் அதனாலும் வகுக்க வேண்டும். அப்போது எல்லாச் செவ்வகங்களின் பரப்பும் சேர்ந்து 1 ஆகும். மேல்நிலை வகுப்பில் வரும் நிகழ்தகவு அடர்த்திச் சார்புக்கு இதுவே வாசல். ‘நிகழ்வடர்த்தி’ என்றால் நிகழ்வெண்ணா, நிகழ்தகவா என்று தெரியாது. முழுச் சொல்லாக இருந்தால், மாணவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் போவார்.

அதி கனமழை பற்றிய கேள்வி முக்கியமானது. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அத்தகைய ஒரு நாள் பட்டியலில் இருந்து, பிரிவை 820 மி.மீ.இல் மூடினால் அகலம் 615 மி.மீ.க்குச் சற்று மேல், அடர்த்தி 0.0016. அச்சின்மேல் பென்சில் கோடு போட்டது போலத்தான் தெரியும். நிலச்சரிவுக்குக் காரணமாகக்கூடிய மழை, படத்தில் கண்ணுக்கே படாது. மூடாமல் விட்டால் அகலம் இல்லை. அகலம் இல்லாமல் அடர்த்தியும் இல்லை. எனவே திறந்த பிரிவை வரையாமல், நாள் எண்ணிக்கையையும் அதிகபட்ச அளவையும் படத்தின் ஓரத்தில் எழுத்தாலேயே குறிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

பதிவுக்கான வாசகம்:

நிகழ்வெண் அடர்த்தி (இலங்கை வழக்கு: மீடிறன் அடர்த்தி): ஒரு பிரிவின் நிகழ்வெண்ணை அப்பிரிவின் அகலத்தால் வகுக்கக் கிடைப்பது. அகலம் சமமில்லாத பிரிவுகளுக்குச் செவ்வகப் படம் வரையும்போது உயரமாகக் கொள்ளப்படும். திறந்த பிரிவுக்குப் பொருந்தாது.

திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

கோத்தகிரி