பனைத் தொழில்: நன்கொடை வேண்டாம், கொள்முதல் செய்வோம்

வெளிநாட்டில் இருக்கும் அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில் ஒன்று தொடங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாம் என்று மஸ்கட் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். தொடங்கத்தான் வேண்டும். அது பனைத் தொழிலாகவே இருக்க வேண்டும். ஆனால் நம் பணம் நன்கொடையாகப் போகக் கூடாது. நிறுவனம் நம் பெயரில் இருக்கவும் கூடாது.

நம் ஊர்த் தேரிச் செம்மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் மரம் பனை. வருமானம் இல்லை என்று ஆன பிறகுதான் அதைச் செங்கல் சூளைக்கு வெட்டி விற்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் ஏற ஆள் இல்லாத மரத்தை உத்தரவு மட்டும் எத்தனை நாள் காப்பாற்றும்?

ஆள் ஏன் குறைகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பருவம் தொடங்குமுன் பனையேறும் அண்ணாச்சிமார் கையில் காசு இருக்காது. கலயம், சுண்ணாம்பு வாங்க வேண்டும், மரத்துக்காரருக்குப் பாட்டம் (குத்தகை) கொடுக்க வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். அதன்பின் காய்ச்சும் கருப்பட்டி முழுவதும் அந்த வியாபாரி சொல்லும் விலைக்கே போகிறது. சீனி கலந்த சரக்கு அதே பெயரில் சந்தைக்கு வருவதால் அசலுக்கும் விலை அடிபடுகிறது. ஆகவே நாம் முதலில் செய்ய வேண்டியது நியாயமான விலை பேசி அந்த முன்பணத்தை நாமே கொடுப்பதுதான். கட்டடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டப்படியும் நன்கொடையைவிடக் கொள்முதலே எளிது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான (எஃப்சிஆர்ஏ) பதிவு வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். பொருளை வாங்கிக்கொண்டு வியாபார முறையில் கொடுக்கும் விலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. முன்பணத்தையும் கொள்முதல் ஒப்பந்தம் எழுதியே கொடுப்போம்; தொகை அனுப்புமுன் ஒரு பட்டயக் கணக்கரிடம் காட்டிவிடுவது நல்லது.

நிறுவனத்தை உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாம் என்பது என் யோசனை. உற்பத்தியாளர்கள் 10 பேர் சேர்ந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. கைவினைப் பொருளையும் சட்டம் உற்பத்தியாகக் கணக்கில் எடுப்பதால் பனையோலைப் பெட்டி முடையும் அக்காமார்களும் பங்குதாரர் ஆகலாம். வெளிநாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நாம் ஆக முடியாது. அதனாலேயே எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. முடிவெடுக்கிறவர்கள் மரத்தடியில் இருக்க வேண்டும், தொலைபேசியில் அல்ல.

கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும். மீதியெல்லாம் ஆவியாகப் போவது விறகின் செலவில். பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றும்வரை மதினிமார் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்கள். சுற்றுச்சூழல் தொழில் என்று பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. விறகு குறைவாகப் பிடிக்கும், புகைபோக்கி வைத்த அடுப்பு முதல் லாபத்திலேயே வர வேண்டும். எரிக்கச் சீமைக்கருவேலம் நம் கண்மாயிலேயே வேண்டிய மட்டும் கிடக்கிறது.

ஓலைக்கும் ஓர் அளவு உண்டு. ஆர்டர் குவிகிறது என்று குருத்தை வெட்டிக்கொண்டே போனால் வடலி (இளம்பனை) நலிந்துவிடும். ஒரு மரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஏறுபவர்களும் முடைபவர்களும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். அந்த அளவுக்குத்தான் நாம் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

முதல் ஆர்டர் நம் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்காக இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் ஒவ்வொரு கொடை முடிந்த மறுநாளும் ஓடைக்கரையில் தட்டும் கப்பும் குவிந்து கிடக்கும் படத்தை இந்தக் குழுவிலேயே பார்க்கிறோம். பானகத்துக்கு ஓலைப்பட்டை, பிரசாதத்துக்குச் சின்ன ஓலைப்பெட்டி என்று கொடைக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்கள் ஒப்புக்கொண்டால் முடைபவர்களுக்கு இரண்டு மாத வேலை.

கொடைக்கு வரிப்பணம் அனுப்பும்போதே பெட்டிக்கான விலையையும் சேர்த்து அனுப்பச் சம்மதமா? அடுத்த ஆண்டுக்குள் கல்யாணம், வீடு பால்காய்ச்சு வைத்திருப்பவர்கள் எத்தனை பெட்டி, எந்த அளவு, எந்தத் தேதிக்கு என்று இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பட்டியலோடு அக்காமாரிடம் நான் போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
கீழத்தெருத் தங்கை, தோஹாவிலிருந்து