கொழுந்தை ‘டெண்டர்லி’ கிள்ள முடியுமா?

கோத்தகிரி மேகம்
வீட்டில் ஒரு சின்னச் சண்டை, தீர்த்து வையுங்கள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டில் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க, கையாலேயே உருட்டிக் காயவைத்த டீயைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போடுகிறோம். அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் நாலு வரி வேண்டும். அம்மா சொன்னது: “கொழுந்தை நோகாம, மெதுவாக் கிள்ளி எடுக்கிறோம்னு போடு.” நான் ‘ஸ்லோலி ப்ளக்ட்’ என்று எழுதினேன். பெங்களூரில் இருக்கும் தம்பி அதை அடித்துவிட்டு ‘டெண்டர்லி ப்ளக்ட்’ என்று போட்டிருக்கிறான். எது சரி?

பண்ணைக்காட்டு வாத்தியார்
தம்பி பாதித் தப்பு, நீங்கள் முழுத் தப்பு. ‘மெதுவாக’ என்றதும் நம் கை தானாக ‘ஸ்லோலி’ என்று எழுதிவிடுகிறது. கொடைக்கானல் மலையில் 30 வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தேன், சிவப்பு மை அதிகம் செலவானது இதற்குத்தான். “மெதுவாகப் பேசு, பாப்பா தூங்குது” என்றால் சாஃப்ட்லி. “மெதுவாக இறங்கு, வழுக்கும்” என்றால் கேர்ஃபுலி. “முட்டையை மெதுவாக வை” என்றால் ஜென்ட்லி. “மெதுவாக வரட்டும், அவசரமில்லை” என்னும்போதுதான் ஸ்லோலி. மெதுவடையை யாராவது ஸ்லோ வடை என்கிறோமா?

உங்கள் அட்டைக்கு ஜென்ட்லி போடுங்கள். சாஃப்ட்லி பெரும்பாலும் காதுக்கும் கண்ணுக்கும் உரியது: குரல், காலடி, விளக்கு வெளிச்சம். ஜென்ட்லி கைக்கு உரியது; எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சொல்லும். டெண்டர்லிக்கு உள்ளே பாசம் இருக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியை அம்மா டெண்டர்லி தொடுகிறாள். ஊசி போட வந்த நர்ஸ் அதே பிள்ளையின் கையை ஜென்ட்லி பிடிக்கிறார். நர்ஸ் டெண்டர்லி பிடித்தால் அது வேறு கதை.

ஊட்டி மழைத்துளி
ஐயா, மன்னிக்கணும், அந்த அம்மாவின் வாக்கியத்தில் முக்கியமான சொல்லை விட்டுவிட்டீர்கள். “நோகாம” என்கிறார். யாருக்கு நோகாமல்? செடிக்கு. செடிக்கு நோகும் என்று நினைக்கிற மனசு வெறும் அழுத்தத்தைப் பற்றியா பேசுகிறது? ஜென்ட்லி என்ற சொல் ஷாம்பு பாட்டிலில்கூட இருக்கிறது. அதைப் போட்டால் அம்மா சொன்னதில் பாதி போய்விடும். என் ஓட்டு தம்பிக்கு.

பண்ணைக்காட்டு வாத்தியார்
அம்மாவின் மனசை நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டையைப் படிக்கிறவருக்கு அம்மாவைத் தெரியாது. அவர் கண்ணில் ‘டெண்டர்லி ப்ளக்ட்’ பட்டால், தேயிலைச் செடியை யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். ‘டெண்டர் லீவ்ஸ்’ என்று இலைக்குப் போடுங்கள், பொருந்தும். அது இளங்கொழுந்து, நம் இளநீர் டெண்டர் கோகனட் ஆன மாதிரி. ஆனால் ஒட்டுச்சொல் ‘லி’ சேர்ந்ததும் அந்த இளமை போய்விடும், பாசம்தான் மிஞ்சும்.

வெட்டிப்பேச்சு
எனக்கு டெண்டர் என்றாலே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒட்டுகிற காகிதம்தான் ஞாபகம் வரும்.

பண்ணைக்காட்டு வாத்தியார்
அது வேறு சொல், தம்பி. கொடுக்க முன்வருவது, நீட்டுவது என்ற பொருளில் வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

ஜென்டில் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். பிரெஞ்சு வழியாக வந்தபோது நல்ல குடியில் பிறந்தவர் என்றுதான் பொருள். ஜென்டில்மேன் அதே குடும்பம். முரட்டுத்தனம் கைவசம் இருந்தும் காட்டாத அடக்கம் அதில் ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஒரே இழுப்பில் கிளையையே முறிக்கக்கூடிய கை, நுனியை மட்டும் எடுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

குன்னூர் பல்சக்கரம்
ரெண்டு பேரும் தேவையில்லாததுக்குச் சண்டை போடுகிறீர்கள். வினைச்சொல் சரியாக அமைந்தால் பக்கத்தில் துணைக்கு ஆள் எதற்கு? மென்மையாகச் சொன்னாள் என்பதற்கு விஸ்பர் இருக்கிறது. குழந்தையை மென்மையாகப் பிடிப்பதற்கு க்ரேடில் இருக்கிறது. அம்மாவும் கிள்ளி என்றுதானே சொன்னார்? கிள்ளு, கொய், பறி, பிடுங்கு, முறி என்று எத்தனை அளவு இருக்கிறது நம்மிடம்! வினையைத் திருத்துங்கள்.

ஊட்டி மழைத்துளி
சரி, கிள்ளு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவீர்கள்?

குன்னூர் பல்சக்கரம்
நிப். இல்லாவிட்டால் பின்ச்.

ஊட்டி மழைத்துளி
நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்தால் நிப். சந்தையில் ஒருவன் பர்ஸை அடித்தால் பின்ச். டீ விற்கப் போகிறார்களா, புகார் எழுதப் போகிறார்களா? வேறு வழியில்லாமல் ப்ளக் என்றே வைத்துக்கொண்டால், கோழி இறகைப் பிடுங்குவதும் ப்ளக்தான். மென்மை அந்த வினைக்குள் இல்லை, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

குன்னூர் பல்சக்கரம்
கோழி நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெண்டர்லிக்கு வர மாட்டேன். ஆங்கிலத்தில் சரிவைக்கூட ஜென்ட்லி ஸ்லோப்பிங் என்பார்கள், பாசமா வைத்திருக்கிறது மலை? அளவைச் சொல்கிற சொல் அது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் ரயில் 12 அடிக்கு 1 அடி என்று பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிற இடத்தில் அந்தச் சொல் செல்லாது, அவ்வளவுதான்.

கொழுந்துக்கூடை
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், நானும் லீவு நாளில் கூடை சுமந்திருக்கிறேன். உங்களில் யாராவது பறித்திருக்கிறீர்களா? அங்கே மெதுவாக என்ற பேச்சே கிடையாது. குறித்த எடைக்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் கூலி. ரெண்டு கையும் ஒரே சமயம் ஓடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுனி ஒடியும், ‘டிக்’ என்று சத்தம்கூடக் கேட்கும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும். ஆனால் பிடியில் சேர்த்துக் கசக்கக் கூடாது. கூடையில் அமுக்கக் கூடாது. கசங்கின இலை ஃபேக்டரிக்குப் போகும் முன்னே சிவக்க ஆரம்பித்துவிடும், சூடும் ஏறிவிடும். அம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டி, “இறுக்காதே”ன்னு சொல்லுவாங்க. சீக்கிரம் பண்ணு, ஆனால் இறுக்காதே. இதற்கு உங்கள் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லுங்கள்.

பண்ணைக்காட்டு வாத்தியார்
லைட்லி. வேகமாகவும் இருக்கலாம், அழுத்தமும் இருக்காது. பூனை சுவரில் தாவுவது லைட்லி. அம்மா, முதலிலேயே நீங்கள் வந்திருந்தால் நான் நாலு பதிவு எழுதியிருக்க வேண்டாம்.

ஊட்டி மழைத்துளி
‘டேக் இட் லைட்லி’ என்றால் அலட்சியம் இல்லையா ஐயா? அலட்சியமாகப் பறித்த டீயை யார் வாங்குவார்?

பண்ணைக்காட்டு வாத்தியார்
டேக்கோடு சேர்ந்தால்தான் அலட்சியம். ஹேண்டிலோடு சேர்ந்தால் பதவிசு. ஆனாலும் ப்ளக்டுக்கு முன்னால் போட்டால் கொஞ்சமாகத்தான் பறித்தோம் என்றும் படிப்பார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

குன்னூர் பல்சக்கரம்
டீக்காரர்கள் ரெண்டு இலை ஒரு மொட்டு எடுப்பதை ஃபைன் ப்ளக்கிங் என்பார்கள். அதையே போட்டால் என்ன?

வெட்டிப்பேச்சு
‘ஃபைன்லி ப்ளக்ட்’ என்று மாற்றிவிடாதீர்கள். வெங்காயம் மாதிரி பொடிப்பொடியாக நறுக்கிய டீ என்று நினைப்பார்கள்.

கோத்தகிரி மேகம்
எல்லோருக்கும் நன்றி. கொழுந்துக்கூடை அக்கா சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஆமா, மெதுவான்னா நான் லேட்டான்னா சொன்னேன்? இறுக்காமன்னு சொன்னேன்” என்றார். இப்போது அட்டையில் இருக்கிற வரி: கையால் பறித்த ரெண்டு இலை ஒரு மொட்டு, பிறகு ‘லைட்லி ஹேண்டில்ட்’. முதல் வாக்கியத்தில் ‘டெண்டர் லீவ்ஸ்’ வைத்துவிட்டேன், தம்பிக்கு ஒரு டெண்டராவது கிடைக்கட்டும் என்று. அவன் இன்னும் பேசவில்லை.